வாணியம்பாடிக்கு அடியில் ஒரு 3.6

2021 நவம்பர் 29, திங்கட்கிழமை. அதிகாலை 4.17 மணிக்கு ஒரு நில அதிர்வு பதிவானதாகத் தில்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. அளவு 3.6. ஆழம் 25 கி.மீ. இடம், வேலூருக்கு மேற்கு–தென்மேற்கே 59 கி.மீ. பொழுது விடிந்ததும் ‘வேலூரில் நிலநடுக்கம்’ என்று செய்திகள் ஓடின. வரைபடத்தை விரித்து அந்த 59 கி.மீ.யை அளந்து பார்த்தால் புள்ளி வேலூரில் விழுவதில்லை. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றுப் பள்ளத்தாக்கில் விழுகிறது. அங்கிருந்து தென்கிழக்கே 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவில், ஜவ்வாது மலைமேல், காவலூர் வான்காணகத்தின் வெள்ளைக் கூண்டு நிற்கிறது. வேலூர் நகரம் அதைப்போல இரண்டு மடங்கு தூரம். அறிவிப்பில் வேலூர் இடம்பிடித்ததற்குக் காரணம், பட்டியலில் இருந்த பெரிய ஊர் அது என்பதுதான்.

ஆகவே இதை ஜவ்வாது மலை அடிவாரத்து அதிர்வு என்று சொல்வதே பொருத்தம். அதைத் தொடர்ந்து வந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 22 காலையில், கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் வட்டாரத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு சிறு அதிர்வுகள், அளவு 2.9, 3.0. மறுநாள் பிற்பகல் 3.14க்கு ‘வேலூருக்கு மேற்கு–வடமேற்கே 50 கி.மீ.’ என்ற குறிப்போடு 3.5. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் வெடி வைத்ததுபோல் சத்தம் கேட்டது, பாத்திரங்கள் உருண்டன, சுவரில் விரிசல் விட்டது என்று மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அதன் பிறகும் சில நாள்கள் சிறிய குலுக்கல்கள் தொடர்ந்தன.

அந்த ஊர்களின் அச்சத்தை எண்களால் மட்டும் அளக்க முடியாது. அதற்கு ஒரு மாதம் முன்னர், நவம்பர் 19 அன்று, அடைமழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். பாலாற்றில் பல பதிற்றாண்டுகளாகக் காணாத வெள்ளம் போயிருந்தது. ஊறிப்போன சுவர்களுக்குள் படுத்திருந்தவர்களுக்கு, நிலமும் சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும்?

3.6 என்பது உலகக் கணக்கில் சிறிய அதிர்வு. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியை உலுக்கிய நடுக்கத்தின் அளவு 6 அளவில் மதிப்பிடப்படுகிறது. அதோடு ஒப்பிட்டால் நம் 3.6 நாலாயிரத்தில் ஒரு பங்கு. பெரிய சேதம் செய்யக்கூடியதல்ல. ஆனாலும் அந்தக் குறிப்பிலிருந்த மூன்று எண்களில் இரண்டு, அதாவது இடமும் ஆழமும், எவ்வளவு உறுதியானவை என்ற கேள்வி முக்கியமானது. அதைக் கேட்டால், தீபகற்பத்தில் நிலத்தை நாம் எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

டிசம்பர் 23 அதிர்வின் இடத்தையும் இதேபோல் அளந்து பார்க்கலாம். வேலூரிலிருந்து 50 கி.மீ. மேற்கு–வடமேற்கு என்றால் புள்ளி ஆந்திர எல்லையைத் தாண்டி, பேரணாம்பட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 15 கி.மீ.யில் போய் விழுகிறது. மக்கள் அதிர்வை உணர்ந்த இடமோ எல்லைக்கு இந்தப் பக்கம். இரண்டில் ஒன்று தவறு என்று சொல்லத் தேவையில்லை. தொலைவிலுள்ள சில நிலையங்களைக் கொண்டு சிறிய அதிர்வின் இடத்தைக் கணித்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிசகுவது இயல்பு. ஆனால் ஒரு பாறைப் பிளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே சில இடங்களில் அவ்வளவுதான். எந்தப் பிளவு அசைந்தது என்று சொல்ல அந்தத் துல்லியம் போதாது.

ஆழத்தின் கதை இன்னும் மோசம். நில அதிர்விலிருந்து இரண்டு வகை அலைகள் புறப்படுகின்றன. முதலலை பாறையில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் வருகிறது; இரண்டாம் அலை சுமார் 3.5 கி.மீ. இரண்டும் வந்துசேரும் நேர இடைவெளியை எட்டால் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைத்துவிடும். கர்நாடகத்தின் கௌரிபிதனூர் நில அதிர்வு நிலையம் வாணியம்பாடியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 160 கி.மீ. அங்கே இரண்டாம் அலை 20 நொடி பின்தங்கி வரும். மூன்று நான்கு நிலையங்களின் தொலைவுகள் கிடைத்தால் இடத்தைக் குறித்துவிடலாம்.

ஆழத்தை இப்படிப் பிடிக்க முடிவதில்லை. அதிர்வு 5 கி.மீ. ஆழத்தில் பிறந்தாலும் 15 கி.மீ. ஆழத்தில் பிறந்தாலும், 160 கி.மீ. தள்ளியிருக்கும் கருவிக்கு அலை கடந்துவரும் பாதையில் வேறுபாடு அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். நேரத்தில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அலை புறப்பட்ட கணத்தைக் குறிப்பதிலேயே அதைவிடப் பெரிய பிழை வரும். அதுவே 10 கி.மீ. தொலைவில் ஒரு கருவி இருந்திருந்தால் அந்த வேறுபாடு ஒரு நொடிக்கும் மேல், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆழத்தை அறிய வேண்டுமானால் அதே ஆழத்தின் அளவுக்கு அருகில் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்பது நில அதிர்வாளர்களின் நடைமுறை விதி. அருகில் நிலையம் இல்லாதபோது, உலகின் பல மையங்கள் ஆழத்தை 10 கி.மீ. என்பது போன்ற ஒரு வழக்கமான எண்ணில் நிறுத்திவைத்துவிட்டு இடத்தை மட்டும் கணிக்கின்றன. செய்தித்தாளில் அச்சாகும்போது அந்த 10, அளந்து கண்ட எண்ணாகிவிடுகிறது.

மக்கள் கேட்ட அந்தச் சத்தத்தை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதலலை தரையைத் தொட்டுக் காற்றை அசைக்கும்போதுதான் நில அதிர்வு காதில் விழுகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய வேகமான அதிர்வெண்கள் பாறையில் நெடுந்தூரம் வருவதற்குள் தேய்ந்துவிடும். வெடிச்சத்தம்போல் கேட்டது என்றால் அதிர்வின் ஊற்று அருகில், பெரும்பாலும் மேலோட்டமான ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்து ‘டமார்னு சத்தம் கேட்டுச்சு சார்’ என்று சொல்கிற ஒருவர், தில்லிக்குக் கிடைக்காத ஆழத் தகவலைக் கொடுக்கிறார். அதை எழுதிவைத்துக்கொள்ளும் படிவம் நம் வருவாய்த் துறையின் வழக்கமான தாள்களில் இருந்தால் நன்றாயிருக்கும்.

கருவிகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1897 அசாம் பெருநடுக்கத்துக்குப் பிறகு, 1898 டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரில் இந்தியாவின் முதல் நில அதிர்வு நிலையம் தொடங்கியது. அடுத்தடுத்துப் பம்பாயின் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் ஜான் மில்ன் வடிவமைத்த கருவிகள் வந்தன. சூரியனைப் பார்ப்பதற்காக 1899இல் அமைந்த கொடைக்கானல் ஆய்வகம் நிலத்தையும் பதிவு செய்தது. 1960களில் அமெரிக்கா உலகெங்கும் ஒரே வகைக் கருவிகளால் வலையமைத்தபோது கொடைக்கானலும் அதில் ஒரு புள்ளி ஆயிற்று. அந்த உலக வலைக்குப் பின்னால் இருந்த பெரிய தேவை அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பது.

கௌரிபிதனூரின் பிறப்பும் அதே கதைதான். 1960களின் நடுவில் பிரிட்டன் ஒத்துழைப்போடு பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறுவிய நிலையம் அது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வரிசைகளில் கருவிகள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடக்கும் நிலத்தடி அணுவெடிப்பின் மெல்லிய அதிர்வைப் பொறுக்கியெடுப்பதற்கான அமைப்பு. பழம்பாறை நிலம் அமைதியாக இருக்கிறது என்பதற்காகவே அந்த இடம் தேர்வாயிற்று. தொலைவிலுள்ள வெடிப்பைக் கேட்க வேண்டும் என்றால் அக்கம்பக்கம் ஓசை இருக்கக் கூடாது அல்லவா?

பேரணாம்பட்டுக்கு மேற்கே சுமார் 50 கி.மீ.யில் கோலார் தங்கவயல். அங்கே கருவி வந்ததற்குக் காரணம் இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு ஒரு வீச்சர்ட் அதிர்வுமானி வைக்கப்பட்டது. சுரங்கம் ஆழம் போகப்போக, மேலே அழுத்தும் பாறையின் சுமை தாங்காமல் சுரங்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும். ‘ராக்பர்ஸ்ட்’ என்பார்கள். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பலர் அதில் மாண்டிருக்கிறார்கள். 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைச் சுற்றிப் பிற்பாடு அடர்ந்த கருவி வலை அமைந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. தென்னிந்தியாவிலேயே நிலத்தை மிக நெருக்கமாகக் கேட்ட இடங்களில் ஒன்று அது. கேட்டதெல்லாம் சுரங்கம் தானே உண்டாக்கிய முனகலை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த நிலையங்களின் கவனம் சுமத்ரா, மக்ரான் கடற்பள்ளங்களின் மீது. மகாராஷ்டிரத்தின் கொய்னாவிலுள்ள கருவிகள் அங்குள்ள அணைக்காக. ஆக, தீபகற்பத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருவிகள் இருந்துவந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறு எதையோ கேட்பதற்காக வைக்கப்பட்டவை: உலகத்தின் மறுகோடி நடுக்கத்தை, அணுகுண்டை, சுரங்கத்தை, அணையை, ஆழிப்பேரலையை. தன்னியல்பாக எப்போதாவது முனகும் ஒரு சாதாரண பிளவை அதற்காகவே உட்கார்ந்து கேட்கும் ஏற்பாடு இங்கே உருவாகவில்லை. நவம்பர் 29 குறிப்பின் தெளிவின்மைக்கு நான் காணும் காரணம் இதுதான். அதில் யாருடைய சோம்பலும் இல்லை. யாரும் அந்தக் கேள்வியோடு கருவி வைக்கவில்லை, அவ்வளவே.

ஜவ்வாது மலை தன் வயதுக்கு அமைதியாகத்தான் இருக்கிறது. சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் வெந்து, 250 கோடி ஆண்டு அளவில் வயதேறியவை. சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் இதே இனம். சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் சூட்டினார். தமிழ்நாட்டுப் பாறை வங்காளத்துக் கல்லறையின் வழியாக உலகப் பெயர் பெற்றது விந்தைதான்.

பாறை பழையது என்றால் உடையாதது என்று பொருளில்லை; உடைந்து ஆறிய தழும்புகள் நிறைய உள்ளது என்று பொருள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நில அமைப்பு வரைபடத் தொகுப்பில் இந்த வட்டாரத்துப் பிளவுகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன: ஜவ்வாது மலைப் பிளவு, அமிர்தி பிளவு, பாம்பாற்றுப் பிளவு, பாலாற்றுப் பிளவு. நம் ஊர்ப் பெயர்களைப் பிளவுகளின் பெயர்களாகப் படிப்பது முதல்முறை ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். பாலாற்றையே பாருங்கள். நந்திமலைப் பக்கத்தில் பிறந்து தென்கிழக்காக இறங்கிவரும் ஆறு, வாணியம்பாடியில் சட்டென்று முறித்துத் திரும்பி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக வேலூரை நோக்கி வடகிழக்கே நேர்வரிசையில் ஓடுகிறது. தென்புறம் ஜவ்வாது மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் அந்தத் திறப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஆறு இப்படி முழங்கை மடக்கும் இடங்களில், பாறையிலுள்ள பழைய பலவீனம் அதற்கு வழிகாட்டியிருக்கும் என்று நிலவியலாளர்கள் சந்தேகிப்பது வழக்கம். நவம்பர் 29 புள்ளி விழுவது அந்த முழங்கைக்குப் பக்கத்தில்.

இந்தப் பழைய பிளவுகள் இப்போது ஏன் அசைய வேண்டும்? இந்தியத் தட்டு ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. முட்டும் இடம் இமயம். முட்டலின் அழுத்தமோ தட்டு முழுவதும் பரவியிருக்கிறது. தீபகற்பத்தின் பிளவுகள் அந்த அழுத்தத்தில் மிக மெதுவாக, நூற்றாண்டுக் கணக்கில், அசையும் எல்லையை நெருங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டு அதிர்வுகளின் தொகுப்புகளில் வந்தவாசியின் பெயர் உண்டு. ஜவ்வாது மலையின் கிழக்கடிவாரமான போளூரின் பெயரும் உண்டு. அவையெல்லாம் கருவிப் பதிவுகள் அல்ல, எங்கே யார் உணர்ந்தார்கள் என்று அக்காலத்தவர் எழுதிவைத்தவை. எழுதுவதற்கு ஒரு துரையோ பாளையமோ இல்லாத மலைக் கிராமத்தில் வந்த அதிர்வு பட்டியலில் ஏறவே ஏறாது.

எல்லையை நெருங்கி நிற்கும் பிளவைத் தட்டிவிடுவது எது? மழை என்பது பேரணாம்பட்டு நிகழ்வின்போதே பேசப்பட்ட விடை. 2021 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதல். சென்னையில் நவம்பரில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல். தண்ணீர் விரிசல்கள் வழியாக இறங்கி ஆழத்திலுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. நீர் பிளவை வழுக்கலாக்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள், விஷயம் வேறு. பிளவின் இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருக்கும் சுமையில் ஒரு பகுதியை விரிசலுக்குள் இருக்கும் நீர் தாங்கிக்கொள்கிறது. பிடிப்பு தளர்கிறது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த பிளவுக்கு அந்தச் சிறு தளர்வு போதும்.

ஜெர்மனியின் பவேரியாவில் ஹோக்ஸ்டாஃபன் மலையில் 2002இல் இது தெளிவாகக் காணப்பட்டது. பெருமழைக்குச் சில நாள்கள் கழித்து, மலைக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில், சிறு அதிர்வுகள் கூட்டமாகக் கிளம்பின. அழுத்தம் கீழிறங்கும் வேகத்தோடு அதிர்வுகளும் ஆழமாகிக்கொண்டே போயின. மலையைச் சுற்றி அடர்ந்த கருவி வலை இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. நம்மூரில் மழைக்கும் அதிர்வுக்கும் உறவு உண்டு என்று கையைக் காட்ட நிகழ்வுகள் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 8 காலை 7.39க்குச் செங்கல்பட்டில் 3.2. அடுத்தடுத்து நடந்ததால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எது நடந்தாலும் அது மழைக்குப் பின்னால்தான் நடக்கும். நான் மழைக் கருத்தை ஏற்கும் பக்கம் சாய்கிறேன். ஆனால் இப்போதுள்ள பதிவுகளை வைத்து அதை நிறுவ முடியாது.

காரணம் எண்ணிக்கை. ஒரு வட்டாரத்தில் 3 அளவில் ஓர் அதிர்வு வந்தால், 2 அளவில் சுமார் பத்தும் 1 அளவில் சுமார் நூறும் வருவது உலகெங்கும் பொதுவான விகிதம். தேசிய வலையமைப்பால் நாட்டின் பெரும்பகுதியில் 3 அளவுக்கு மேற்பட்டவற்றைத்தான் உறுதியாகப் பிடிக்க முடியும். மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் பதிவாகாமலே போகின்றன. கையிலிருக்கும் இரண்டு மூன்று புள்ளிகளை இணைத்து யாரும் எந்தக் கோட்டையும் வரையலாம்.

ஜப்பானைப் பார்த்தால் இந்த இடைவெளி புரியும். 1995 கோபே நடுக்கத்துக்குப் பிறகு அவர்கள் நாடெங்கும் ஆழ்துளைகளுக்குள் ஏறக்குறைய 800 நுண்ணதிர்வு நிலையங்களை இறக்கினார்கள். இருபது கிலோமீட்டருக்கு ஒன்று. சராசரியாக 470 சதுர கி.மீ.க்கு ஒரு கருவி. இந்தியாவின் தேசிய வலையில் நிலையங்கள் 150க்கு மேல் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 20,000 சதுர கி.மீ.க்கு ஒன்று, பிரிக்கப்படாத பழைய வேலூர் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு பரப்பு. நியூசிலாந்தில் அதிர்வு வந்த சில நிமிடங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் தாங்கள் உணர்ந்ததைப் பதிவிடுகிறார்கள். கருவிகளின் வரைபடத்தோடு மனிதர்கள் உணர்ந்த வரைபடமும் உருவாகிறது. ஜப்பானும் நியூசிலாந்தும் தட்டு விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தீவு நாடுகள். அவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை. நமக்கு அவ்வளவு அடர்த்தி வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நியாயம். அதுவும் நம்மைப் போலப் பழம்பாறை நிலம். 2020 ஆகஸ்ட் இறுதியில் கண்டிக்கு அருகே திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம், சிறு அதிர்வுகள் தொடங்கின. பக்கத்தூரான பல்லேகலையில் உலக வலையின் நிலையம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நீர்த்தேக்கமா, சுண்ணாம்புக்கல் அகழ்வா, இயற்கையா என்ற வாதம் அங்கேயும் எழுந்தது. ஆனால் வாதிடுவதற்குக் காலடியில் ஒரு பதிவு இருந்தது.

அகழ்வு என்றதும் நம் கல்குவாரிகள் நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வெடிச்சத்தம் அன்றாடம் கேட்பதுதான். நிலம் ஆடினால் குவாரியைக் கைகாட்டுவது மக்களின் முதல் எண்ணம். குவாரிக்காரர் இயற்கையைக் கைகாட்டுவார். இரண்டையும் பிரித்தறிவது நில அதிர்வியலில் எளிய வேலைகளில் ஒன்று. வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். ஆகவே எந்தத் திசையில் கருவி வைத்தாலும் முதல் அசைவு வெளிநோக்கியே பதிவாகும், இரண்டாம் அலை சோனியாக இருக்கும். பிளவு நழுவும்போது சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். இரண்டாம் அலை ஓங்கியிருக்கும். தவிர, குவாரிகள் அதிகாலை 4.17க்கு வெடி வைப்பதில்லை. ஒரு வருடத்துப் பதிவை மணிவாரியாக அடுக்கினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

சிறு அதிர்வுகளைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரியைச் சொல்ல வேண்டும். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், பாதுகாப்பான முதல் மண்டலம் என்று அன்றைய நில அதிர்வு மண்டல வரைபடம் சொன்ன இடத்தில், 6.2 அளவு நடுக்கம் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கற்சுவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1992இன் பிற்பகுதியில், அதே ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அதிர்வுகள் சத்தத்தோடு வந்திருந்தன. மக்கள் பயந்தார்கள், முறையிட்டார்கள், அதிர்வுகள் ஓய்ந்ததும் மறந்தார்கள். முதல் மண்டலமே 2002 வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது.

இதைச் சொல்லிப் பேரணாம்பட்டைப் பயமுறுத்துவது அநியாயம். சிறு அதிர்வுக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் அடங்கிவிடும். மகாராஷ்டிரத்திலேயே பால்கரில் 2018 நவம்பர் முதல் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் அதிர்ந்தும் பெருநடுக்கம் வரவில்லை. அங்கே தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் உள்ளூரில் கருவிகளை நிறுவியது. அதிர்வுகள் மேலோட்டமானவை என்பதும், எந்தப் பரப்பில் அடங்கியவை என்பதும் தெரிந்தன. அதிர்வு அடங்குமா வளருமா என்பதை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லாது. எந்தப் பிளவு, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லும். பிளவின் நீளம் தெரிந்தால் அது உச்சகட்டமாக எவ்வளவு பெரிய நடுக்கத்தைத் தரக்கூடும் என்று மதிப்பிடலாம். பேரணாம்பட்டு மக்களுக்குச் சொல்லவேண்டிய பதில் அந்த மதிப்பீடுதான். ‘பயப்பட வேண்டாம்’ என்ற அறிவிப்பு அதற்கு ஈடாகாது.

ஜவ்வாது மலையில் அப்படி உள்ளூரிலேயே கருவி வைப்பதற்குக் காவலூர் வாய்த்த இடம். 1960களில் வைணு பாப்பு தென்னிந்திய வானத்தைப் பார்க்க ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. யுரேனஸ் கோளின் வளையங்களை 1977இல் கண்டறிந்ததில் இந்த மலைக்கும் பங்குண்டு. தொலைநோக்கி அசையக் கூடாது என்பதால் அதன் அடித்தூண் பாறையிலிருந்து தனியாக எழுப்பப்படும். கட்டடத்தின் அதிர்வு அதைத் தொடாது. நில அதிர்வுமானியும் கேட்பது அதையேதான்: வெறும் பாறை, லாரி ஓடாத சாலை, துல்லியமான நேரம், தடையற்ற மின்சாரம், இரவில் விழித்திருக்கும் ஆட்கள். கொடைக்கானலில் ஒரே குன்றின்மேல் சூரியனையும் நிலத்தையும் பார்த்த பழைய வழக்கம் நமக்கு அந்நியமும் அல்ல.

காவலூரில் மட்டும் வைத்தால் போதாது. ஆழத்துக்கான கணக்கை மேலே பார்த்தோம். 10 முதல் 15 கி.மீ. இடைவெளியில் எட்டுப் பத்துக் கருவிகள் வேண்டும். மலைமேல் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு. அடிவாரத்தில் ஆலங்காயம், ஆம்பூர், போளூர், செங்கம். பாலாற்றுக்கு அப்பால் பேரணாம்பட்டு, குடியாத்தம். எல்லாம் உயர்ரகக் கருவிகளாக இருக்க வேண்டியதில்லை. நேபாளத்தில் 2015 நடுக்கத்துக்குப் பிறகு, கையடக்கக் கணினியோடு இணைந்த மலிவான அதிர்வுமானிகளைப் பள்ளிக்கூடங்களில் வைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாட்டின் வலைக்கு உதவும் பதிவுகளை எடுத்துவருகிறார்கள். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல, வெறும் பாறையின் மேலேயே நிற்கின்றன.

சிக்கல்கள் உண்டு. பள்ளி விடுமுறையில் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் வராந்தாவில் ஓடுவது அதிர்வாகப் பதியும். மழைக்காலத்தில் இணைய இணைப்பு அறுந்து கிடக்கும், அதிர்வும் மழைக்காலத்தில்தான் வரும். பதிவைக் கருவியிலேயே சேமித்து மாதம் ஒருமுறை எடுத்துவருவது, சூரியப் பலகையோடு மின்கலம் வைப்பது, தரைக்குள் அரை மீட்டர் தோண்டிப் பாறையில் சிமென்ட் பூசி அதன்மேல் நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. புரட்டாசி முடிவதற்குள் கருவிகள் தரையில் இறங்கியிருக்க வேண்டும். மழைக்கு முந்தைய அமைதியும் பதிவானால்தான், ஐப்பசியில் முதல் அடைமழை பெய்து எத்தனை நாள் கழித்து நிலம் முனகத் தொடங்குகிறது என்று எண்ண முடியும்.